மதுரையில் மகுடம் மாறிய விதம்

பதவிக்காக ஒருவரைக் கொல்வது தர்மமா என்று பட்டிமன்றம் வைத்தால், மதுரையில் பேச்சாளருக்குப் பஞ்சம் வராது. அனுபவஸ்தர்கள் வரிசையில் நிற்பார்கள். முதல் ஆள், சடையவர்மன் சுந்தர பாண்டியர்.

இவருடைய அப்பா மாறவர்மன் குலசேகர பாண்டியர் 1268-இல் உட்கார்ந்தவர், நாற்பது வருஷம் தாண்டியும் எழுந்திருக்கிற வழியாக இல்லை. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் கணக்கில் கஜானா இருப்பு 1,200 கோடிப் பொன். எண்ணிப் பார்த்தவர் யாரென்று அவர் சொல்லவில்லை. பட்டத்தரசி மகன் சுந்தரர் இருக்க, ஆசைநாயகி மகன் வீர பாண்டியருக்குத்தான் இளவரசுப் பட்டம் என்றார் பெரியவர். 1310-இல் மகன் அப்பாவின் கதையை முடித்தார் என்கிறார் வசாப். வக்கீல் நோட்டீஸ் இல்லாத காலம். சுந்தரரைக் கேட்டிருந்தால், "எனக்கு வரவேண்டியதைத்தானே எடுத்தேன்" என்றிருப்பார்.

அதற்குப் பல வருஷம் முன்பு வந்துபோன மார்க்கோ போலோ ஒன்று எழுதிவைத்தார். அரச சகோதரர்கள் சண்டைக்குக் கிளம்பினால் தாய் கத்தியோடு குறுக்கே வந்து, பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன் என்பாளாம். அவள் கண்மூடியதும் இவர்கள் அடித்துக்கொண்டு அழிவார்களாம். ஜோசியம் ஒரு தலைமுறை தள்ளிப் பலித்தது. அண்ணனும் தம்பியும் மோதிக்கொண்டிருக்க, 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் படையோடு வந்தார். சுந்தரர் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்திருந்தார். அப்பாவைக் கொன்று பிடித்த அரண்மனையைப் பூட்டக்கூட நேரமில்லை.

அடுத்த கோஷ்டி, மதுரை டெல்லி கைக்குப் போனபின் வந்த சுல்தான்கள். 1335 வாக்கில் டெல்லியை உதறிவிட்டுத் தனிக்கடை போட்டார் ஜலாலுதீன் அசன் கான். ஐந்து வருஷத்தில் சொந்தத் தளபதிகளில் ஒருவரே அவரைத் தீர்த்தார். அடுத்து வந்த உதௌஜி, போரில் தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றிய நேரம் அம்பு பட்டுப் போனார். குத்புதீனுக்கு 40 நாள்; ஒரு மண்டலம்கூட நிறையவில்லை, கொன்றுவிட்டார்கள். பிறகு கியாசுதீன் தம்கானி. ஊர்சுற்றி இபன் பதூதாவுக்கு இவர் சகலை என்பதால் குடும்பக் குட்டு முழுக்க நமக்குக் கிடைத்தது. போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் எண்பது வயதுக் கிழவர். அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார் தம்கானி. இத்தனை வீரம் போதாதென்று, யோகி ஒருவர் இரும்புத்தூள் போட்டு உருட்டிக் கொடுத்த வீரிய மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிப் படுத்தும்விட்டார். பின்னால் வந்த உறவினர் நசீருதீன், தம்கானியின் மகளுடைய கணவனைக் கொன்று, அவளையே கட்டிக்கொண்டார்.

முறை, மானம், நாட்டு நலம் என்று எல்லோர் கையிலும் ஒரு காரணம் இருந்தது. கொல்லப்பட்டவரைத் தவிர யாரும் அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் கொன்று ஏறியவர் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ராஜாக்கள் போய்விட்டார்கள், வழி மறக்கவில்லை. வில்லாபுரத்து நெசவுத் தொழிலாளி லீலாவதி, 1996-இல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மதுரை மாநகராட்சிக் கவுன்சிலரானார். அவர் கேட்டது சிம்மாசனம் இல்லை, தெருவுக்குக் குழாய்த் தண்ணீர். 1997 ஏப்ரல் 23 அன்று அவரை வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்கள், அண்ணா நூற்றாண்டுச் சலுகையில் 2008-இல் வெளியே வந்தார்கள். பதவிக் கொலைக்கு நியாயம் கிடையாது. தள்ளுபடி மட்டும் உண்டு.