கிழக்கிலங்கைக் கரையோரத்தில் சோடனைக்காரர் தெரிவு: ஓர் அறிமுக ஆய்வு

கலியாணச் சோடனைக்காரர் எனப்படுபவர் மணவறை, மாப்பிள்ளையின் மாலை, மணமகளின் கைச்செண்டு, காரின் பொனட்டில் ஒட்டும் பூ ஆகிய நான்குக்கும் ஒரே தொகை பேசி, அவற்றுள் மூன்றை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர். மருதமுனை தொடங்கி, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் இவர் இல்லாமலும் நிக்காஹ் நிறைவேறும். வலியும் இரண்டு சாட்சிகளும் மஹரும் இருந்தால் மார்க்கத்துக்குப் போதும். ஊருக்குத்தான் போதாது.

இத்துறையில் முன்னைய ஆய்வுகள் மெலிந்தே காணப்படுகின்றன. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மஹரையும் கைக்கூலியையும் பற்றிப் பேசுகிறது. அவை தொடர்பான வழக்குகளைக் காதி விசாரிக்கலாம். வாடிய செவ்வந்திக்கு நியாயம் கேட்டு எந்தக் காதியிடம் போவது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அக்கரைப்பற்றை மையமாக வைத்து அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே எழுதி 2008இல் வெளியான பெருநூல், தாய்வழிக் குடி முறையையும் சீதன வீட்டையும் அலசி ஆராய்கிறது. சோடனைக்காரருக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்கப்படவில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் நியாயம்.

தெரிவின் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை வீட்டின் உரிமையிலிருந்து தொடங்கி விளங்கிக்கொள்ள வேண்டும். இவ்வூர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். வீடு மகளுக்குக் கட்டியது. ஆகவே மணவறையும் அங்கேதான். அதைச் சோடிப்பவரைத் தெரிவு செய்யும் அதிகாரம் மணமகளின் உம்மாவிடம் இருக்கிறது. வாப்பாவின் கடமை தொகையைக் கேட்டதும் ஒருமுறை இருமிவிட்டு எழுந்து வெளியே போவது. மாப்பிள்ளையின் ராத்தாவுக்குத் தெரிவு செய்யும் உரிமை கிடையாது, நிராகரிக்கும் உரிமை உண்டு. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகள் அனுபவிக்கும் அதிகாரத்தை அவர் தனியாளாக வைத்திருக்கிறார்.

விசாரணை பெரும்பாலும் கைத்தொலைபேசித் திரையில் நடைபெறும். சோடனைக்காரர் தம் பழைய மணவறைகளின் படங்களை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவார். "இது நல்லாத்தான் இரிக்கி," என்பார் உம்மா. "ஆனா சாச்சிட மகள்ட கலியாணத்துலயும் இதத்தானே வெச்ச?" சோடனைக்காரர் உடனே, "இல்ல மாமி, அதுல திரை ரோஸ் கலர், இதுல பீச் கலர்," என்பார். இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தால் தூண் ஒன்று, வளைவு ஒன்று, இடது மூலையில் சற்றுக் கழன்று நிற்கும் இலைக்கொத்தும் ஒன்று. இந்தக் கட்டத்தில் எவரும் பூவைப் பற்றிப் பேசுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

விண்ணப்பதாரர் மூன்று வகையினர். முதலாமவர் சொந்தக்காரர். இவரைத் தெரிவு செய்தால் விலை கேட்க முடியாது. விட்டால் அடுத்த பெருநாளுக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் வராது. இரண்டாமவர் முகநூல் பக்கம் வைத்திருப்பவர். வேலை செய்பவர் வேறொருவர் என்பது அன்று மாலைதான் தெரியவரும். மூன்றாமவர் உண்மையில் பூக்கட்டத் தெரிந்தவர். கோயில் மாலை கட்டிப் பழகிய கைகளைத் தேடிக் காரைதீவுக்கோ பாண்டிருப்புக்கோ போக வேண்டும். மாலையும் மல்லிகைச் சரமும் அங்கே கட்டுவித்து, மணவறையைச் சொந்தக்காரரிடம் கொடுக்கும் கலப்பு முறை பலனளிக்கிறது.

இனிப் பூவின் இயல்பு. ரோசா, கார்னேசன், செவ்வந்தி முதலியன நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் குளிரில் விளைந்து, மலையிறங்கி, அம்பாறை வழியாகவோ மொனராகலை வழியாகவோ கடற்கரைக்கு வருபவை. வந்து இறங்கும் இடத்தில் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்து மலை கடந்து வரும் அந்த உலர்ந்த வெக்கையில் ஆளே சுருண்டுவிடுவார். மலைநாட்டு ரோசா எம்மாத்திரம்? அந்தூரியத்தின் சிக்கல் நேரெதிர். மிகுந்த குளிர் அதற்கு ஆகாது. வீட்டுப் பிரிட்ஜில் பாரை மீனுக்குப் பக்கத்தில் வைத்தால் மறுநாள் கறுத்துப்போகும். மல்லிகை மட்டுமே இம்மண்ணின் கடிகாரத்துக்கு ஒத்துவருகிறது. காலையில் மொட்டாகப் பறித்தால் மாலைக்கு மேல்தான் விரியும். இரவுக் கலியாணத்துக்கு அதைவிடச் சரியான பூ வேறில்லை.

வாழைப்பழத்துக்குத் தனிப்பந்தி தேவை. பழுக்கும் வாழைக்குலை எதிலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. கார்னேசன் பூவுக்கு அது பட்டால் இதழ்கள் உட்புறம் சுருண்டு, பிறகு விரிவதே இல்லை. கலியாண வீட்டில் பந்திக்கு வாங்கிய குலைகளும் மறுநாளைக்கு வாங்கிய பூவும் கதவடைத்த ஒரே பின்னறையில் இரவைக் கழிப்பதுதான் வழக்கம். காலையில் பூ சோர்ந்து கிடந்தால் கண்ணூறு என்று முடிவாகி, மிளகாய் சுற்றிப் போடப்படும். ஆகவே சோடனைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலை பற்றியதன்று, "பூவ எங்க வெப்பீங்க?" என்பது. "குலை தொங்குற ரூம்லதான்" என்று சொல்பவரை, சொந்தக்காரரானாலும், பெருநாள் வட்டிலப்பத்தை இழந்தேனும் கைவிட வேண்டும்.

செயற்கைப் பூ பற்றிய சட்ட நிலை சுவையானது. 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருட்களில், உறிஞ்சுகுழாய், கரண்டி, இடியப்பத் தட்டு ஆகியவற்றோடு பூமாலையும் சேர்க்கப்பட்டது. ஒருமுறை பாவித்து எறிவனவற்றை ஒழிப்பதே நோக்கம். மணவறைத் தூணில் சுற்றும் துணிப் பூ இக்குற்றச்சாட்டிலிருந்து தெளிவாகத் தப்பிவிடுகிறது. அது சென்ற வாரம் சாய்ந்தமருதில் இருந்தது, இந்த வாரம் நிந்தவூரில் இருக்கிறது. ஒருமுறையோடு அது ஓய்ந்ததாக ஊரில் எவராலும் சாட்சி சொல்ல முடியாது.

மாப்பிள்ளை மாலையின் தரத்தை மணத்தால் அளப்பது தவறு. பொல்லடியோடு ஊர்வலம் வரும் வீதியில் கூட்டாளிமாரெல்லாம் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவுவார்கள். நெஞ்சோடு நெஞ்சு அழுத்தும் ஒவ்வொரு தழுவலும் மாலையின் நடுப்பகுதியைத் தாக்குகிறது. தையல் நூலில் கோத்த ரோசா இதைத் தாங்காது. வாழைநாரில் நெருக்கிக் கட்டிய மாலை தாங்கும். மாதிரி மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, உடல் பருத்த காக்கா ஒருவரைத் தழுவச் சொல்லிப் பரிசோதிப்பது நன்று.

விலை பேசும் முறைக்கு உலக முன்னுதாரணம் உண்டு. நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலத்தில் விலை உயரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். முதலில் நிறுத்துபவர் வாங்குவார். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். கல்முனையிலும் விலை மேலிருந்து கீழேதான் வருகிறது. அசருக்குத் தொடங்கினால் மஃரிப் வரை வரும். இடையில் இரண்டு தரம் தேநீர், ஒருமுறை சோடனைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு படலை வரை போய்த் திரும்புதல். முற்பணம் கொடுத்த பின் நேரத்தை வலியுறுத்த வேண்டும். மாப்பிள்ளை வாசலுக்கு வந்து குரவை எழும்போது ஏணியில் ஆள் நிற்கக் கூடாது என்பது வாய்மொழி ஒப்பந்தத்தின் முக்கிய வாசகம். அது மீறப்படுவதால்தான் பல கலியாண வீடியோக்களில் மணமகளின் தலைக்கு மேல் யாருடையதோ ஒரு கால் தெரிகிறது.

முறைப்பாட்டுக் காலம் மணவறையைப் பிரிக்கும் வரைக்கும் மட்டுமே. பிரித்ததும் உண்மைப் பூ பிள்ளைகளுக்கு உரியது. துணிப் பூவைச் சோடனைக்காரர் கொத்துக் கொத்தாக எண்ணி எடுப்பார். கணக்கில் குறைந்தால் கட்டிலுக்கு அடியிலும் கதீஜா ராத்தாவின் மகள் கையிலும் தேடுவார்கள். கிடைக்காததன் விலையை மீதித் தொகையோடு சேர்த்து வாப்பாவிடம் வாங்கிக்கொண்டு வேனை எடுப்பார்.