மருந்தாகச் சாப்பிட்ட சப்பாத்தி

எங்கள் ஆயக்குடியில் ஒருவருக்குச் சர்க்கரை வந்துவிட்டால் யாரும் தண்டோரா போட வேண்டியதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு அந்த வீட்டிலிருந்து சப்பாத்தி வாசம் வரும், தெருவே புரிந்துகொள்ளும். எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் வந்தது. அன்று முதல் சோறு எதிரி, கோதுமை மருந்து. காலையில் கோதுமை ரவை உப்புமா, ராத்திரி மூன்று சப்பாத்தி.

மருந்து நன்றாகவே வேலை செய்தது, வயிற்றில். உப்புசம், உறுமல், பஸ் ஏறுமுன் கழிப்பறை எங்கே என்று விசாரிக்கும் பழக்கம். ஊரில் எல்லோரும் ஒரே குற்றவாளியைக் கைகாட்டினார்கள். "கொய்யாவைக் கொட்டையோட தின்னுருப்பீங்க மாமா." கொய்யாவை விற்றுப் பிழைக்கிற ஊர், வயிற்றுவலி என்று வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பதும் கொய்யாவைத்தான். ஒரு வருஷம் கொய்யாவைத் தொடவில்லை. அந்தப் பழத்திடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கியது. அம்மா முருங்கைக்கீரையை மூன்று வேளையும் கொடுத்தார். எட்டு அசையவில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு வயிற்று டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க பூர்வீகம் வடக்கேயா?" என்றார். பழனி மலையைத் தாண்டிப் பூர்வீகம் தேடியவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை என்றேன். "சீலியாக்கா இருக்கலாம். கோதுமை ஒத்துக்காத நோய்" என்றார்.

நான் கெட்டிக்காரன். அன்றைக்கே கோதுமையை விட்டுவிட்டுப் பத்திரமாக இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். கோதுமை உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியுமாம். "ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வாங்க." டாக்டர் சொல்லிப் பரோட்டா தின்ற சர்க்கரை நோயாளி இந்தத் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆறு வாரம் நாக்கு சொர்க்கத்திலும் மற்ற உறுப்புகள் வேறிடத்திலும் இருந்தன. ரத்தம் ஆமாம் என்றது. எண்டோஸ்கோப்பியில் கிள்ளியெடுத்த குடல் துணுக்கும் ஆமாம் என்றது.

விஷயம் இதுதான். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிகிறதே, அது குளூட்டன் என்கிற புரதத்தின் தயவு. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உண்டு. அதை நம் செரிமான நொதிகளால் முழுசாக அறுக்க முடியாது. சில துண்டுகள் மிஞ்சும். எல்லோருக்கும்தான் மிஞ்சும், ஒன்றும் ஆகாது. ஆனால் ஆறாவது குரோமோசோமில் டி.க்யூ.2, டி.க்யூ.8 என்று சில ஜீன் வகைகள் இருக்கின்றன. அவை செல்களின் மேல் ஒரு தட்டு மாதிரி புரதத்தைச் செய்துவைக்கும். குடலில் உள்ள ஒரு நொதி, மிஞ்சிய துண்டை லேசாகச் செதுக்கிவிட, அது அந்தத் தட்டில் அச்சாகப் பொருந்திவிடும். "இதோ திருடன்" என்று தட்டு தூக்கிக்காட்ட, உடம்பின் காவல்படை கம்போடு வரும். அடி விழுவதோ குடலில் சத்தை உறிஞ்சும் விரல்மாதிரி நுண்மடிப்புகள்மேல். கல்யாண மண்டபத்தில் செருப்புத் திருடனைப் பிடிக்கப்போய்ப் பந்தியைக் கவிழ்த்த கதை. மடிப்புகள் மழுங்கினால் இரும்புச்சத்து எங்கே ஏறும்? அம்மாவின் முருங்கைக்கீரை அத்தனையும் வீண்.

இந்தக் குற்றவாளியை முதலில் பிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அங்கே ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது இந்த நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார்.

டாக்டர் என் பூர்வீகத்தைக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என 23,331 பேரைப் பார்த்திருக்கிறார்கள். சீலியாக் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23, தெற்கே 0.10. சரி, நமக்கு அந்த ஜீன் குறைவோ என்றால், வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4. கிட்டத்தட்ட ஒன்றேதான். வித்தியாசம் சாப்பாட்டுத் தட்டில்: அங்கே ஒருவர் நாளுக்குச் சாப்பிட்ட கோதுமை 455 கிராம், இங்கே 25. என் ஜீன் ஐம்பது வருஷம் இட்லி ஆவியில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. அதைச் சப்பாத்தி கொடுத்து எழுப்பியது நான்தான் போலிருக்கிறது.

வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. "உங்கம்மா வழிதாங்க. உங்க தாய்மாமா ஆயுசுக்கும் வயித்தப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சாரே" என்றாள் மனைவி. "எங்க வம்சம் கம்பும் சோளமும் தின்னு கல்லை செரிச்ச வம்சம். எல்லாம் இவங்கப்பா வழி" என்றார் அம்மா. டாக்டரிடம் கேட்டேன். டி.க்யூ.2 தட்டுக்கு இரண்டு பாகம் உண்டு, ஒருவரிடமிருந்தே இரண்டும் வரலாம், ஆளுக்கொரு பாகமாகவும் வரலாம் என்றார். இரண்டாவதை மட்டும் வீட்டில் சொன்னேன். மனைவிக்குப் பரம திருப்தி.

கோதுமையை விடுவது சுலபம் என்று நினைத்தேன். ரவை, சேமியா, பிஸ்கட், மால்ட் பானம் எல்லாம் தாமாகவே வாக்குமூலம் கொடுத்தன. கடைசிவரை ஒளிந்திருந்தது பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் படித்தால் பெருங்காயத்துக்கு முன்னால் மைதா! கல்யாண வீட்டில் "சாம்பார் வேணாங்க" என்றால், பெண் வீட்டார்மேல் மனக்குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை சமாதானத்துக்கு மாப்பிள்ளையின் பெரியப்பாவே வந்துவிட்டார். நல்லவேளை, பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், வெல்லம், நெய், தேன் என்று எல்லாம் இருக்கிறது, கோதுமை இல்லை. முருகன் அந்த மட்டும் கைவிடவில்லை.

கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னதால் தம்பியை அனுப்பினேன். அவனுக்கும் ஜீன் இருக்கிறது. எதிர்ப்பொருள் இல்லை. இருந்தாலும் அவ்வப்போது சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். ரிசல்ட் வந்த சாயங்காலம் போன் செய்தான். பின்னால் டங்கு டங்கு என்று இரும்புக்கல் சத்தம்.

"எங்கடா இருக்க?"

"கொத்துப் பரோட்டாதாண்ணே. உங்களுக்குக் கேக்கட்டுமேன்னு கல்லுப் பக்கத்துலயே நிக்கிறேன்."