அடியில் தங்கிய புகை

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்திருப்பார்: பாதிச் சுருட்டை அணைத்து ஓட்டு இறவாணத்தில் செருகிவிட்டு, விடிந்ததும் காபிக்கு முன் அதைத் தடவித் தேடுகிறவர். உறையூரில் என் தாத்தா அப்படித்தான். நண்பர்கள் வந்திருக்கும்போது அவர் இறவாணத்தில் கைவிட்டால் எனக்கு மானம் போகும்.

அதே நான்தான், ஷெர்லாக் ஹோம்ஸைப் படித்துவிட்டு மெய்சிலிர்த்தவன். பைப்பின் கிண்ணத்து அடியில் எச்சிலும் புகையின் ஈரமும் இறங்கி, பாதி எரிந்தும் எரியாமலும் கட்டிதட்டிக் கிடக்கும் புகையிலைக்கு ஆங்கிலத்தில் ‘டாட்டில்’ என்று பெயர். 1892-இல் வந்த ஒரு கதையில் ஹோம்ஸ், முந்தைய நாள் மிஞ்சிய டாட்டிலை எல்லாம் கணப்புக்கு மேலுள்ள பலகையின் ஓரத்தில் உலர்த்திச் சேர்த்து, காலைச் சாப்பாட்டுக்கு முன் அதைத்தான் புகைக்கிறார். பேக்கர் தெருவில் செய்தால் மேதைமை, உறையூரில் செய்தால் கஞ்சத்தனம். இத்தனைக்கும் 1887-இல் தம் முதல் நாவலிலேயே, கறுத்துச் செதில் செதிலாக உதிர்ந்த சாம்பலைப் பார்த்து ‘இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ என்று துப்புச் சொன்னவர் அவர். அந்தச் சாம்பலை எங்கள் திண்ணையில் தினமும் பெருக்கிய பாட்டியோ, தாத்தாவின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் பைப் பிடிப்பார். வராந்தாவில் மடக்கிச் சிக்கலான சந்தேகம் ஏதாவது கேட்டால், பைப்பைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டி, சின்னக் கரண்டியால் டாட்டிலைச் சுரண்டி, புதுத் தூளை அடுக்கடுக்காக அழுத்தி அடைத்து, காற்றோடு மல்லுக்கட்டி இரண்டு மூன்று தீக்குச்சிகளைச் செலவழித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். கேட்டவனும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பயபக்தியோடு போய்விடுவான். அறிவு அப்படித்தான் புகையும் என்று நம்பிய நான், மீசை சரியாக அரும்புமுன்பே சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பைப் வாங்கி, பற்றவைக்கத் தைரியமின்றி, கடைவாயில் கடித்தபடி கண்ணாடி முன் நின்று பார்த்திருக்கிறேன்.

2008 அக்டோபர் 2-ஆம் தேதியோடு பொது இடத்துப் புகைக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. நல்லதுதான், தாத்தாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவன் மறுக்க மாட்டேன். இப்போது சினிமாவில் துப்பறிவாளர் பைப்பை வாயில் வைத்தவுடன் திரையின் அடியில் எச்சரிக்கை வரி வந்துவிடுகிறது. பாவம், அவர் பிணத்தைப் பார்ப்பதற்குள் நாம் புற்றுநோயைப் பற்றிப் படித்துவிடுகிறோம்.

லண்டனில் இருக்கும் அக்கா பேரன், இங்கே 2019-இல் தடை செய்த மின் சிகரெட்டை வீடியோவில் காட்டினான். மாம்பழ வாசனையாம். சாம்பல் இல்லை, டாட்டில் இல்லை, செல்போன் ஒயரிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாமாம். “எல்லாம் சரிப்பா, கல்யாணம் எப்போ?” என்றேன். தட்டவோ சுரண்டவோ கையில் ஒன்றும் இல்லாமல், “நெட் சரியில்லை தாத்தா” என்றான்.