சாவி யார் கையில்?

கே: எங்கள் ஊர் வாசகர் வட்டம் மாத இதழ் தொடங்குகிறது. வடிவமைக்க விலை கொடுத்து வாங்கும் மென்பொருளா, கட்டற்ற மென்பொருளா? “ஓசியில் வருவது உருப்படுமா?” என்கிறார் எங்கள் தலைவர்!

ப: பத்து வருடம் கழித்து முதல் இதழின் கோப்பைத் திறக்க யார் தயவு வேண்டும் என்று தலைவரைக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் தமிழ்ச் சிற்றிதழ்கள் பலவும் பேஜ்மேக்கர் என்ற வடிவமைப்பு மென்பொருளில்தான் உருவாயின. அதன் கடைசிப் பதிப்பு, அடோபி நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 7.0. அதே அடோபியின் இன்னொரு வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன், சி.எஸ்.6-க்குப் பிறகு அந்தக் கோப்புகளைத் திறப்பதே இல்லை. எங்கேயாவது திறந்தாலும், பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’வின், அந்த எழுத்துரு இல்லாத கணினியில், முதல் எழுத்து ஆங்கில ‘எம்’ ஆகத்தான் தெரியும். எத்தனை நல்ல கதைகள் இப்படிப் பூட்டிக் கிடக்கின்றனவோ, நினைத்தாலே வயிறு எரிகிறது!

கட்டற்ற மென்பொருளில் கதை வேறு. ஓப்பன் ஆபீஸை வளர்த்துவந்த சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியபோது, அந்த மென்பொருளை நம்பியிருந்தவர்கள் அழவில்லை. மூலநிரலை எடுத்து, அதே ஆண்டு லிப்ரே ஆபீஸ் தொடங்கிவிட்டார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது.

இதழ் வடிவமைக்க, கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 1.4 வேண்டாம், தமிழில் கொம்பு இடம் மாறிவிடும், 1.6 பாருங்கள். எதில் வடிவமைத்தாலும் படைப்புகளை, குறிப்பிட்ட எழுத்துருவைச் சாராத யுனிகோடு குறியீட்டில் தனியாகச் சேமித்து, இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். அதில் ஒன்று தலைவர் வீடாக இருக்கட்டும்.