கைதி சொன்ன பாசை

ஏலே பேராண்டி, கிளிங்கான் பாசையில தத்துவம் எழுதப் போறியாமே? எழுது, எழுது. ஒருத்தனை ஒருத்தன் பாத்தா வணக்கம் சொல்லத் தெரியாத பயலுவ. ‘நுக்நெஹ்’ங்கான், அப்படின்னா ‘என்ன வேணும்?’னு அர்த்தமாம். அந்த வாயில வேதாந்தத்தை ஊட்டப் போற. நல்லா இருப்பே.

பாசையைச் செஞ்சவரு அமெரிக்காவுல மார்க் ஓக்ராண்டுன்னு ஒரு மொழியியல் படிச்ச ஆளு. 1984-ல ஸ்டார் ட்ரெக் மூணாவது படத்துல வார கிளிங்கான்ங்கிற வேத்துக்கிரகச் சண்டைக்காரங்களுக்குன்னு செஞ்சாரு. மறு வருசமே அகராதியும் வந்துட்டு. மனுசப் பாசை சாயல் வரப்பிடாதுன்னு எழுவாயைத் தூக்கிக் கடைசியில போட்டாரு. ‘இரு’ங்கிற வினையை வேணும்னே விட்டுட்டாரு. அங்கதாம்லே வந்தது வில்லங்கம். 1991-ல ஆறாவது படத்துல, ஹாம்லெட்டு கேட்ட அந்த இருக்கவா போகவாங்கிற கேள்வியை ஒரு கிளிங்கான் தளபதி கேக்கணும்னு ஆயிப்போச்சு. கேக்கதுக்கு ‘இரு’ வேணும்லா? முதல்ல ‘வாழு’ங்கிற ‘யின்’னை வச்சுக் கொடுத்தாரு. தளபதியா நடிச்ச கிறிஸ்டோபர் ப்ளம்மருக்கு அது சப்புன்னு இருந்திச்சு. பொறவு, ஒரு காரியம் விடாம நடக்குதுன்னு காட்ட வினைக்குப் பின்னால ஒட்டிக்கெடந்த ‘தாஹ்’ங்கிற வாலை உருவித் தனி வினையாக்கி, ‘நிலைச்சு நில்லு’ன்னு பொருளும் கொடுத்துட்டாரு. இருத்தலைப் பத்தித் தடித்தடியா எழுதிச் செத்தவங்க எத்தனை பேரு! இங்க ஒரு நடிகரு மூஞ்சியைச் சுளிச்சதுல அது பொறந்துட்டு.

அதுக்காக ‘இரு’ இல்லையேன்னு நீ மூக்கைச் சிந்தாதே. ‘நான் விவசாயி’ங்கேன். இதுல ‘இரு’ எங்கலே இருக்கு? அவனும் ‘கிளிங்கான் நான்’னு முடிச்சுக்கிடுதான்.

எனக்குப் பிடிச்சது அவங்க ‘துலு’தான். உண்டுன்னு சொல்ல அதைத்தான் போடுதாங்க. பிரிச்சுப் பாத்தா ‘யாரோ காணுதாங்க’. கடவுள் உண்டுன்னு நீ எழுதுனா, கடவுளை யாரோ காணுதாங்கன்னு ஆயிரும். யாருன்னு மட்டும் கேக்கப்பிடாது, சொல்லாது. நம்ம புளியமரத்துப் பேயும் இப்படித்தாம்லே இத்தனை காலமா இருக்கு. பேயைப் பாத்தவனை மட்டும் எவனும் பாத்ததில்ல.

இன்னும் ரெண்டு வால் உண்டு. ‘பெஜ்’ போட்டா ‘நிச்சயமா’. ‘லாவ்’ போட்டா ‘போலத் தெரியுது’. பெஜ்ஜு பக்கம் போகாதே. லாவை வரிக்கு வரி தாராளமா போடு. தத்துவத்துக்கு அதுதான் தோது.

சீனத்துத் தத்துவ நூலு தாவோ தே சிங்கை அகனியெஷ்கா சொல்ஸ்காங்கிற அம்மா ஏற்கெனவே கிளிங்கானுக்குக் கொண்டுபோயிட்டாங்க. எதையும் வலிஞ்சு செய்யாதேங்கிற புத்தகம், சண்டையில செத்தாத்தான் சொர்க்கம்னு நம்புத கூட்டத்துக்கு! அந்த அம்மா தைரியத்துல பாதி உனக்கு இருந்தாப் போதும்.

ஆனா சொல்லு கிடைக்கலன்னு நீயா ஒண்ணை அடிச்சு விட்டுராதே. கட்டுரை, நாடகம்னு ரசிகருங்க என்ன வேணும்னாலும் எழுதலாம். புதுச் சொல்லு மட்டும் ஓக்ராண்டு வாயில இருந்து வரணும். வருசாவருசம் கூட்டம் போட்டு, வேணுங்கிற சொல்லுக்கெல்லாம் பட்டியல் நீட்டுதாங்க. அவரு கொஞ்சம் கொடுப்பாரு, மிச்சத்தை அமுக்கிருவாரு. நீ போய்ப் பிரம்மத்துக்குச் சொல்லு கேளேன். ‘மால்ட்ஸைக் கேட்டுச் சொல்லுதேன்’பாரு. மூணாவது படத்துல பிடிபட்ட கிளிங்கான் கைதிதான் மால்ட்ஸ். பாசையெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு மனுசன் இத்தனை வருசமா கூசாமச் சாதிக்காரு. தப்பு வந்தா மால்ட்ஸ் தப்பு. அகராதியில பேரு ஓக்ராண்டு பேரு.

இலக்கணத்தை மெதுவாப் படிச்சுக்கலாம், முதல்ல இந்த வித்தையைப் படி. நாளைக்கு எவனாவது உன் மொழிபெயர்ப்புல குத்தம் கண்டுபிடிச்சு வந்து நின்னா, காட்டதுக்கு ஒரு கைதி வேணும்லா? தேடிப் பிடி. எம்பேரை மட்டும் சொல்லிராதலே.