நலமுள்ளோர் மூச்செண்ணிக்கையில் 17 காணாமற்போனது குறித்து

மூச்சு என்பது உள்ளே போய் வெளியே வருவது. இதை யாரும் மறுத்ததில்லை. ஆயினும் சான்றில்லாமல் ஒன்றைச் சொல்லுதல் ஆய்வு மரபன்று (காண்க: இக்கட்டுரை, முதல் வாக்கியம்).

ஓய்வாக இருக்கும் நலமுள்ளவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. யோக மரபோ நாளுக்கு 21,600 என்று ஒரே போடாகப் போடும்: நாழிகைக்கு 360, அதாவது நிமிடத்துக்குச் சரியாக 15. வட்டத்தை வானநூலார் பகுத்ததும் இதே 21,600 கலைகளாகத்தான். வட்டத்தைப் பார்த்து மூச்சா, மூச்சைப் பார்த்து வட்டமா என்று இரண்டு நாள் கருத்தரங்கம் நடத்தலாம். யாராவது உட்கார்ந்து எண்ணினார்களா என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

மூச்சை எண்ணப்போகிறோம் என்று சொன்ன மாத்திரத்தில் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து பிராணாயாமம் தொடங்கிவிடுவார். ஆகவே நாடி பார்த்து முடிந்த பின்பும் மணிக்கட்டை விடாமல், நாடி பார்ப்பதுபோலவே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணச் செவிலியருக்குக் கற்றுத்தருகிறார்கள். அங்கே பாசாங்கு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நம் ஆய்வுத்துறையில் அதை அவரவர் சொந்த முயற்சியில் கற்றுக்கொள்கிறோம்.

எண்ண வேண்டியது முழு நிமிடம். வார்டு நிறைய ஆள் இருக்கையில் அதற்கு யாருக்குப் பொழுது? 30 விநாடி எண்ணி இரட்டித்தால் ஒற்றைப்படை எண்கள் அத்தனையும் உலகைவிட்டு நீங்குகின்றன. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நலமுள்ள மனிதகுலம் மூன்றே குலமாகச் சுருங்குகிறது: 12, 16, 20. எண்ணாமலே எழுதுவோருக்கு 18-உம் 20-உம் கைகொடுக்கின்றன. கேஸ் ஷீட்டுகளில் இவை அளவுமீறிக் குவிந்திருப்பதை மெய்யான ஆய்வாளர்களே கண்டு எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் 17 முறை விடுபவர் எங்கே? அற்றுப்போனார் என்பது ஒரு கொள்கை. அவர் நோயே அறியாதவர், ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை என்பது இன்னொன்று. வருகிறார், கடிகாரத்தைக் கண்டதும் மரியாதைக்காக ஒரு மூச்சை விட்டுக்கொடுக்கிறார் என்பது எம் கொள்கை (காண்க: இக்கட்டுரை, இதே பத்தி, சற்று மேலே, இதை வன்மையாக மறுத்து, இதே ஆசிரியர், அடுத்த வாக்கியம், அம்மறுப்புக்கு மறுப்பு, அச்சில்). 15 விநாடியில் அவர் விடுவது நாலேகால் மூச்சு. அந்தக் கால் மூச்சை யார் எடுத்துக்கொண்டது? ஒரு மூச்சு ஏறத்தாழ அரை லிட்டர். 17-ஐ 16 என்று எழுதும்போதெல்லாம் ஆளுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் காற்று கணக்கில் வராமல் போகிறது. எந்தத் தணிக்கையிலும் இது இதுவரை எழுப்பப்படவில்லை. எழுப்பினாலும் பதில் 16 பக்கத்தில் வரும் என்று அஞ்சுகிறோம்.

பெருமூச்சு தனிக்கவனத்துக்குரியது. சுருங்கிப்போன நுண்காற்றறைகளை விரிப்பதற்காக நலமுள்ளவர் மணிக்கு ஏறத்தாழ 12 முறை, தாமறியாமலே, பெருமூச்சு விடுகிறார். அகத்துறை அறிஞர்கள் தலைவியின் பெருமூச்சு முழுவதையும் பிரிவாற்றாமைக்கே வரவு வைத்துவிட்டார்கள். மணிக்கு ஒரு டஜனை நுரையீரலுக்குத் திருப்பித் தரவேண்டும்.

விக்கல் மூச்சில் சேராது. குறட்டையை விடுபவர் ஒப்புக்கொள்வதில்லை. எனவே தரவு இல்லை. கொட்டாவிக்குத் தரவு தட்டுப்பாடே இல்லை: வாய்மொழித் தேர்வு எதற்குப் போனாலும் கிடைக்கும். முதல் கொட்டாவி பெரும்பாலும் நெறியாளருடையது.