இல்லையென்று சொல்லாத அண்ணன்

அண்ணா, உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதவேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. திருப்பூரில் உங்களைப் போல அடியிலிருந்து மேலே வந்தவர்களை விழா மலர்களில் எழுதுகிறார்கள். எந்தெந்த நாட்டுக்குச் சரக்கு போகிறது, எந்தக் கோயிலுக்கு மண்டபம் கட்டிக்கொடுத்தார் என்றெல்லாம் அதில் இருக்கும். அத்தனையும் உண்மைதான். ஆனால் உங்களுக்கு ஜாப் ஒர்க்காகத் தைத்துக்கொடுக்கிற ஒரு பவர் டேபிள்காரனுக்குத் தெரிந்த குணங்கள் அந்த மலர்களில் வருவதில்லை. அவற்றை நான் எழுதுகிறேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

முதல் குணம், நீங்கள் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். பில்லுக்குப் பணம் கேட்டு இரண்டு ஆண்டுகளாக உங்கள் ஆபீஸ் படி ஏறுகிறேன். ஒருமுறைகூட அந்தச் சொல் உங்கள் வாயில் வந்ததில்லை. "இல்லீன்னா சொன்னேன் தம்பி? திங்கக்கெழம வாங்க" என்பீர்கள். அதற்குள் டீ வந்துவிடும். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். எப்போதோ ஒருமுறை நான் சொன்னது, இடது கால் என்பதுவரை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அக்கறை நிஜம், நான் அதைச் சந்தேகித்ததே இல்லை. வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போதுதான், வந்தபோது எப்படி இருந்தேனோ அப்படியே திரும்புகிறேன் என்பது உறைக்கும்.

எனக்குத் தொழில் ஆசையை ஊட்டியவரும் நீங்கள்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து 17 வயதில் வந்தேன். உங்கள் கம்பெனியில் கைமடி வேலை, பிறகு ஓவர்லாக் டெய்லர். எட்டு ஆண்டுகள் பனியனுக்குக் கை மட்டும் வைத்தேன். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட், நாள் முழுக்கக் கை. கழுத்து வைப்பது ஒருவர், அடி மடிப்பது ஒருவர், லேபிள் வைப்பது ஒருவர். என் கையில் ஒரு பனியன் தொடங்கி என் கையிலேயே முடிந்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை வாங்கிய சம்பளம் புதன்கிழமை இருக்காது. இந்த இரண்டும் என்னை அரித்துக்கொண்டிருந்தன. கையில் நாலு காசு நிற்கவேண்டும், ஒரு முழு உருப்படி என் பேரில் வெளியே போகவேண்டும்.

ஓர் ஆண்டு ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்துவிட்டு நீங்கள் பேசினீர்கள். "எத்தனை நாளைக்கு அடுத்தவன் மிசினையே ஓட்டுவீங்க? நானும் இதே ஊர்ல கை மடிச்சவன்தான்" என்றீர்கள். கேட்டுக்கொண்டிருந்த அறுபது பேரில் எனக்கு மட்டும் அது தூக்கத்தைக் கெடுத்தது. நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற இந்த ஊரின் முதலாளிகளில் எத்தனையோ பேர் மிஷினில் உட்கார்ந்து எழுந்தவர்கள். பட்டப்படிப்பு கேட்காமல், பரம்பரை கேட்காமல், கை ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து ஆளை ஏற்றிவிட்ட ஊர் இது. அதை நம்பித்தான் நானும் இறங்கினேன்.

முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவு என்று ஒன்று உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை, ஈடு இல்லாத கடன். அதில் மூன்றரை லட்சம் வாங்கினேன். 15 வேலம்பாளையத்தில் ஒரு ஷெட் வாடகைக்கு. பழைய ஓவர்லாக் மூன்று, பேட்லாக் இரண்டு, சிங்கர் மூன்று. எட்டு டெய்லர், மூன்று ஹெல்பர். முதல் லோடு முடிந்த இரவு, பிசிறு வெட்டி அடுக்கிய கட்டிலிருந்து ஒரு டீ சர்ட்டை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கழுத்து, தோள், கை, அடிமடிப்பு எல்லாம் என் ஷெட்டுக்குள் நடந்தவை. எட்டு ஆண்டுகளில் கிடைக்காத ஒன்று அன்று கிடைத்தது. அந்த மகிழ்ச்சி இன்றுவரை குறையவில்லை, அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொழில் எனக்குக் கசக்கவில்லை, அண்ணா.

அந்த லோடை டெலிவரி கொடுக்க வந்தபோது நான் வழக்கம்போல "முதலாளி" என்றேன். நீங்கள் எழுந்து வந்து தோளில் கை வைத்தீர்கள். "இனிமே முதலாளின்னு கூப்புடாதீங்க. நீங்களும் முதலாளிதான். அண்ணான்னு சொல்லுங்க." அதுவரை என்னை வா, போ என்றுதான் அழைத்தீர்கள். அன்றிலிருந்து நீங்க, வாங்க. என் வாழ்க்கையில் யாரும் எனக்குத் தராத மரியாதை அது. முதலாளியிடம் சம்பளம் கேட்கலாம், அது கேட்கிறவனின் உரிமை. அண்ணனிடம் பணம் கேட்கும்போது ஏனோ குரல் தாழ்ந்துவிடுகிறது. சம்பளக்காரனாக இருந்த எட்டு ஆண்டுகளில் ஒரு சனிக்கிழமையும் நீங்கள் எனக்குத் தவறவிட்டதில்லை. தவறியிருந்தால் அறுபது பேரும் மிஷினை நிறுத்தியிருப்போம்.

உங்கள் கணக்குச் சுத்தத்தைப் பற்றியும் எழுதவேண்டும். 41-ஆம் நம்பர் பில்லை எடுத்துக்கொள்கிறேன். 4,200 பீஸ், பீசுக்கு 18 ரூபாய், ஆக 75,600. ஜிஎஸ்டி 5 சதவீதம் 3,780. மொத்தம் 79,380. உங்கள் செக்கிங்கில் மூன்று பீசில் எண்ணெய்க் கறை கண்டுபிடித்தார்கள். கறை எங்கள் மிஷினில் பட்டதுதான், மறுக்கவில்லை. துணி, சாயம், பிரிண்ட் எல்லாம் சேர்த்துப் பீசுக்கு 190 ரூபாய் என்று 570 ரூபாய் பிடித்துக்கொண்டு, அன்று மாலை ஏழு மணிக்குள் எனக்குச் சீட்டு வந்துவிட்டது. இவ்வளவு விரைவாகவும் துல்லியமாகவும் கணக்குத் தீர்க்கிற ஆபீஸ் இந்த ஊரில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. என் பக்கம் வரவேண்டிய 78,810 ரூபாயும் அதே ஆபீசில்தான் இருக்கிறது.

சட்டத்தை நீங்கள் அறிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. உங்களிடம்தான் கற்றேன். என் வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டியதும் ஜிஎஸ்டி எண் எடுத்தேன். பில் போட்டால் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டவேண்டும், பணம் கைக்கு வந்ததா என்று அங்கே கேட்க மாட்டார்கள். தாமதித்தால் 18 சதவீதம் வட்டி. அந்த 3,780 ரூபாயை நான் கைமாற்று வாங்கிக் கட்டினேன். கட்டிய வரியை உங்கள் கணக்கில் நீங்கள் கழித்துக்கொண்டீர்கள். அது சட்டப்படி சரி. 180 நாளுக்குள் எனக்குப் பணம் தராவிட்டால், கழித்ததைத் திரும்பக் கட்டவேண்டும் என்பதும் சட்டம். இதற்கு முந்தைய பில்லுக்கு 176-ஆம் நாள் பணம் வந்தது. அந்த நாலு நாளை என்மேல் உள்ள அன்பு என்று எண்ணி ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். பிறகுதான் உங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பையன் 180-ஐப் பற்றி விளக்கினான்.

இன்னொரு சட்டமும் உங்களால்தான் தெரியவந்தது. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தக்கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்தது. இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத கூலியை, கொடுக்கிற ஆண்டு வரைக்கும் செலவாகக் காட்ட முடியாது. இதெல்லாம் தெரியாமல் நான் என் பில்லின் தலையில், குறுந்தொழில் என்று காட்டுகிற உத்யம் பதிவு எண்ணைப் பெருமையாக அச்சடித்திருந்தேன். நீங்கள் பார்த்தீர்கள். "அந்த நம்பர எடுத்துடுங்க தம்பி, ரெண்டு பேருக்கும் வீண் தொந்தரவு" என்றீர்கள். அடுத்த பில் புத்தகத்தில் எடுத்துவிட்டேன். ஒரு எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்.

அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம், 90 நாளுக்குள் தீர்க்கவேண்டும், தீர்ப்பை எதிர்த்து நீங்கள் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தை முன்னே கட்டவேண்டும். சட்டம் என் பக்கம் நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் என் எட்டு மிஷினுக்கும் அடுத்த வாரம் ஓடத் துணி வேண்டும். அந்தத் துணி உங்கள் கட்டிங் டேபிளிலிருந்துதான் வரவேண்டும்.

உங்களுக்கும் கஷ்டம் உண்டு என்பதை அறியாதவனில்லை. வெளிநாட்டு பையர் சரக்கு வாங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் அனுப்புகிறான். ஆனால் அதற்காகத்தானே வங்கிகள் பேக்கிங் கிரெடிட் தருகின்றன. நூல் வாங்க, சாயம் போட, தைக்க, பெட்டி கட்ட, கப்பலேறுவதற்கு முன்பே தருகிற கடன் அது. மத்திய அரசு 2015 முதல் 2024 முடிய அந்த வட்டியில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொண்டும் வந்தது. அந்தக் கடனில் தையல் கூலியும் அடக்கம். ஆக, என் கூலி வங்கியிலிருந்து உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் கடனில் நீங்கள் ஒரு நாளும் தவறியதில்லை என்று வங்கி மேலாளரே உங்களைப் பாராட்டியதை நான் உங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். என் முத்ரா தவணை தேதி ஐந்து. அது 90 நாள் நின்றால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். பிறகு எனக்கு எந்த வங்கியிலும் வாசல் இல்லை. 41-ஆம் நம்பர் பில்லுக்கு நாளையோடு 132 நாள்.

உங்கள் குணங்களில் நான் மிகவும் மதிப்பது நன்றி மறவாமை. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரியவர் படம் மாட்டியிருக்கிறது. உங்களை ஏற்றிவிட்ட முதலாளி. வெள்ளிக்கிழமைதோறும் புதுமாலை போடுகிறீர்கள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது அவரைப் பற்றி நீங்களே சொன்னீர்கள். நாலு மிஷினோடு நீங்கள் தொடங்கியபோது, அவர் சனிக்கிழமை மதியமே கூப்பிட்டு அந்த வாரத்துக் கூலியை எண்ணித் தருவாராம். அவருக்கு வரவு வராத வாரங்களில் வீட்டுப் பீரோவைத் திறந்து எடுத்துவந்து தந்தாராம். "அந்த மகராசன் கைய நீட்டலீன்னா நான் இன்னும் ஓவர்லாக்தான் ஓட்டிட்டிருப்பேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். எனக்கும் கண் கலங்கியது. அன்று நான் பில்லைப் பற்றிப் பேசவில்லை. பேச முடியவில்லை.

நேற்று சனிக்கிழமை. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டேன். பேட்லாக் ஓட்டும் அக்காவுக்கு மட்டும் குறைந்தது. ஐம்பதை நெருங்குகிற வயது, நான் கை மடித்த காலத்தில் எனக்குத் தையல் பழக்கியவர். என்னை நம்பிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். மிஷினைத் துடைத்து உறை போட்டுவிட்டு வந்து நின்றார். "தம்பி, பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும்" என்றார்.

"இல்லைன்னு சொல்லலக்கா. திங்கக்கெழம வாங்கிக்கங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய மகளின் படிப்பைப் பற்றி வேறு விசாரித்தேன். டீ வேண்டுமா என்றும் கேட்டேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சனிக்கிழமைகளில் பேருந்து நிறுத்தம்வரை நான் வண்டியில் கொண்டுபோய் விடுவது வழக்கம். நேற்று அவர் காத்திருக்கவில்லை.

இரவு ஷெட்டைப் பூட்டாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய பில் புத்தகம் அலமாரியில் இருந்தது. உத்யம் எண் போட்டது, மீதி பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அதில் 41-ஆம் பில்லின் தொகையைப் புதிதாக எழுதினேன். பிடித்த 570 ரூபாயையும் ஒழுங்காகக் கழித்திருக்கிறேன். நாளை திங்கட்கிழமை, அண்ணா. பத்தரை மணிக்கு வருகிறேன். அக்காவும் கூட வருகிறார். டீ சொல்லவேண்டாம்.